இயற்பியலுக்கு ஆசிரியர் இருந்த நாட்கள் எத்தனை?

பிளஸ் டூ பொதுத்தேர்வை நடத்தி மதிப்பெண் பட்டியல் வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு எதிரே பதினாறு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் குறை தீராது, தலைமையாசிரியரிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம்தான் வரும். அவர் பாவம், ஏற்கெனவே எட்டு பேர் வேலையைப் பார்க்கிறார்.

போன வாரம் பிளஸ் டூ பிள்ளைகள் நாலு பேர் வந்து, ஒரு கட்டுத் தாளைக் கொடுத்து நாலு செட் போடச் சொன்னார்கள். கதிர் ஒளியியல். முதல் பக்கத்திலேயே கையெழுத்து தெரிந்துவிட்டது. என் அக்கா மகனுடையது. அவன் இரண்டு வருடம் தங்கிப் படித்த தனியார் பள்ளியில் எழுதிய நோட்ஸை விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கொண்டுவருவான். என் மகள் அதை என் மெஷினிலேயே நகல் எடுத்துக்கொள்வாள். அவள் பரீட்சை முடித்து அடுத்த செட்டுக்குக் கொடுத்தது இப்போது நகலின் நகலாகி என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. படங்களில் எது ஒளிக்கதிர், எது மெஷின் விட்ட கோடு என்று எனக்கே தெரியவில்லை.

"இந்த வருசமும் பிசிக்ஸுக்கு ஆள் இல்லையா?" என்று கேட்டேன். "ஜூலையிலிருந்தே இல்லைண்ணா" என்றான் ஒரு பையன், கடைக்கு எதிரே பஸ் நிற்பதில்லை என்று சொல்வதைப் போல. அந்தப் பதில்தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

போன வருட நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஆகஸ்டில் இயற்பியல் ஆசிரியர் மாறுதலில் போனார். அவர் போனது தவறென்று சொல்லமாட்டேன், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. வேதியியல் ஆசிரியை தன் பீரியடில் மிச்சம் பிடித்து, "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் வாசிச்சுக் காட்டுறேன்" என்று புத்தகத்தை வாசித்தார். பொங்கலுக்குப் பிறகு, பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பணத்தில் தற்காலிகமாக ஒருவர் வந்தார். வந்தவர் பாடம் நடத்தவில்லை, நடத்த நேரமில்லை. எந்தக் கேள்வியைப் படிக்கலாம், எதை விடலாம் என்று சொன்னார்.

நடுவில் இருந்த ஐந்து மாதமும் என் மகள் இயற்பியலை என் கடையில்தான் படித்தாள். வீட்டில் சிக்னல் வராது, கடையில் வைஃபை இருக்கிறது. கடையின் ஒரே கம்ப்யூட்டரில் வீடியோ பார்ப்பாள். ஆதார் பிரிண்ட் கேட்டு ஒருவர் வந்தால் நிறுத்திவிட்டு எழுந்துகொள்வாள். பட்டா, வருமானச் சான்று, மின் கட்டண ரசீது என்று ஆள் வந்துகொண்டே இருக்கும். இருபது நிமிட வீடியோ முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். மாறுதிசை மின்னோட்டம் முழுவதையும் இப்படி நின்று நின்றுதான் படித்தாள். சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்க முடியாது. நான் படித்தது பத்தாவது.

இதில் ஒரு வேடிக்கை. நிறமாலைமானி என்ற செய்முறைக் கருவியை பிப்ரவரியில்தான், செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம், அலமாரியிலிருந்து இறக்கித் தூசி தட்டினார்கள். ஆனால் செய்முறைக்கு 20க்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10க்கு 10. ஐந்து மாதம் ஆசிரியரே இல்லாத பாடத்துக்கு அகமதிப்பீடு முழு மார்க்! போட்டவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களால் பிள்ளைகளுக்குச் செய்ய முடிந்த ஒரே உதவி அதுதான். ரிசல்ட் அன்று என் கடையில் பிரிண்ட் எடுத்த எல்லாப் பள்ளிப் பட்டியல்களையும் பார்த்தேன். இந்த 30க்கு 30 இல்லாத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆக, பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம் தெரிவதெல்லாம் மீதி 70இல்தான்.

அந்த 70இல் என் மகள் 51. அக்கா மகன் 70. கணக்கில் இவள் 96, வேதியியலில் 94. பொறியியல் கட்-ஆஃப் கணக்கு நீங்கள் அறிந்ததுதான்: கணக்கு முழுசாக, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. இவளுக்கு 183.5 வந்தது. இயற்பியலில் குறைந்த 19 மட்டும் இல்லையென்றால் 193. கவுன்சலிங்கில் அரை மார்க்குக்குள் எத்தனை பேர் நெரிசலாக நிற்பார்கள் என்றும், கடைசியில் ரேண்டம் எண் வரைக்கும் போகிறது என்றும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒன்பதரைக்குள் ஓர் ஊரே அடங்கிவிடும்.

அக்கா மகனைக் குறைத்துப் பேசவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுப்புவார்கள், இரவு பத்தரை வரை படிப்பு, மாதம் ஒருமுறை வீடு. ஒருநாள் போனில் அழுதான், அடுத்த நாள் பரீட்சை எழுதினான். அவன் அப்பா லாரிக்கு டியூ கட்டுவதைப் போல ஃபீஸ் கட்டினார். அந்த 100 அவன் உழைத்து வாங்கியது. ஆனால் பிளஸ் ஒன்னிலேயே பிளஸ் டூ புத்தகத்தைத் தொடங்கி, ஒரே பாடத்தை மூன்று முறை திருப்பி, வாரத்துக்கு இரண்டு டெஸ்ட் வைத்து வாங்கிய 100ஐயும், ஆதார் பிரிண்டுக்கு நடுவே வாங்கிய 81ஐயும் ஒரே தராசில் வைக்கிறீர்களே, அந்தத் தராசு எதைத்தான் நிறுக்கிறது? இதுதான் எனக்குப் புரியவில்லை.

சி.பி.எஸ்.இ. மாணவர்கள் கவுன்சலிங்குக்கு வந்தால், அவர்கள் வாரியத்தின் உச்ச மதிப்பெண்ணையும் நம் வாரியத்தின் உச்ச மதிப்பெண்ணையும் சமன்செய்து கணக்குப் போடுகிறீர்கள். வேறு வேறு வாரிய மார்க்கை அப்படியே ஒப்பிடக் கூடாது என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. சரி. ஒரே வாரியத்துக்குள், ஒரே வினாத்தாளுக்கு, ஆசிரியர் இருந்த வகுப்புக்கும் இல்லாத வகுப்புக்கும் இடையில் எந்தச் சமன் இருக்கிறது? சமச்சீர்க் கல்விக்காக 2011இல் உச்ச நீதிமன்றம் வரை போனோம். புத்தகம் சமச்சீர் ஆனது. அதை நடத்த ஆள்?

நான் கேட்பது பெரிதில்லை. கருணை மதிப்பெண் வேண்டாம். ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு கட்டம் போடுங்கள்: இந்தப் பாடத்துக்கு இந்தப் பள்ளியில் ஆசிரியர் இருந்த நாட்கள். பார்ப்பவர்கள் தாங்களே எடை போட்டுக்கொள்வார்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறதே என்பீர்கள். நல்ல திட்டம், எங்கள் தெருவிலேயே ஒரு பெண் அதில் மருத்துவம் படிக்கிறாள். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். என் மகள் பத்தாவது வரை பக்கத்து ஊரில் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தாள், ஏனென்றால் பொம்பளைப் பிள்ளை நடந்து போகும் தூரத்தில் அதுதான் இருந்தது. அவள் அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை.

அப்புறம், மார்க்கின் மதிப்பைக் காப்பாற்ற நீங்கள் எதுவும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 1200ஐ 600 ஆக்கினீர்கள். 2017இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பை நிறுத்தினீர்கள். நல்லது, ஃபிளெக்ஸ் பேனர் அடிப்பவர்கள் மட்டும் நிறுத்தவில்லை. பிளஸ் ஒன் பாடத்தையே தாண்டிக் குதிக்கிறார்கள் என்று பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தீர்கள். இப்போது 2025-26 முதல் அதை எடுத்தும்விட்டீர்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறையும், சரி. ஆனால் இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடம் நடத்தும் பள்ளிகளுக்கு இனி ஒளித்து வைக்கும் வேலையும் மிச்சம். 2024இல் வேதியியலில் 471 பேர் 100க்கு 100 வாங்கினார்கள், 2025இல் 3,181 பேர். ஒரே வருடத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு வேதியியல் அத்தனை கைவந்துவிட்டதா, வினாத்தாள் கொஞ்சம் இரங்கியதா? சதம் அடித்தவர்கள் எந்தெந்த வகைப் பள்ளி என்று பிரித்துப் போட்டால் நாங்களும் தெரிந்துகொள்வோம். ஒருவேளை காலிப் பணியிடம்தான் படிப்புக்கு நல்லது என்றுகூடத் தெரியவரலாம்.

மன்னிக்கவும். கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன்.

வினயமாகவே கேட்கிறேன். அடுத்த மார்ச்சில் தேர்வு வருகிறது. மதிப்பெண் பட்டியலில் அந்தக் கட்டத்தைச் சேர்ப்பது இந்த வருடம் முடியாது என்றால், பள்ளிவாரியாக, பாடவாரியாக, ஆசிரியர் இருந்த நாட்களை ரிசல்ட் வெளியாகும் அன்றே வெளியிடுங்கள். வருகைப் பதிவு, சம்பளப் பட்டியல் எல்லாம் உங்கள் கணினியில்தான் இருக்கிறது, புதிதாக யாரையும் எண்ணச் சொல்லவில்லை. அதையும் செய்வதற்கு முன் எங்கள் எதிர்ப் பள்ளிக்கு ஓர் இயற்பியல் ஆசிரியரை அனுப்பினால், மேலே எழுதியதையெல்லாம் நீங்கள் படிக்காமலே விட்டுவிடலாம்.

அதுவரை அந்த ஒளியியல் நோட்ஸின் அசலை அக்கா மகனிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறேன். இனி மங்காத நகல் வரும். உங்களுக்கும் ஒரு செட் தேவைப்பட்டால் சொல்லி அனுப்புங்கள், காசு வாங்கமாட்டேன்.

இப்படிக்கு,
பள்ளிக்கு எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர்