மலருக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள மலருக்கு,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவும் நலம். கோத்தகிரியில் மழை விட்டபாடில்லை.

அம்மாவின் குடும்பத்தில் தலைமுறையாக வரும் ஹன்டிங்டன் நோயை, கை கால்களைத் தானாக ஆட வைக்கும் அந்த நரம்பு நோயை, ஆராயும் உன் லேபுக்காகப் பெரிய மாமா சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார், அத்தை சாட்சி. ரத்தம் நானே எடுக்கிறேன். மாமாவின் கை இப்போது ஒரு நிலையில் நிற்பதில்லை. நேர் ஊசி போட்டால் வெயினை விட்டு நழுவிவிடும். அதனால் மெல்லிய குழாயோடு வரும் பட்டர்ஃபிளை ஊசிதான். முழங்கைக்கு அடியில் தலையணை வைத்து, அத்தை தோளைப் பிடித்துக்கொள்வாள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ உள்ள ஊதா மூடிக் குழாய் இரண்டு, ஒவ்வொன்றிலும் 3 மில்லி. பச்சை மூடி கூடவே கூடாது, அதிலுள்ள ஹெப்பாரின், டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆரைக் கெடுத்துவிடும். எடுத்த கையோடு எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துவேன். குலுக்கினால் சிவப்பணு உடையும், சும்மா விட்டால் உறைந்துவிடும். ஃப்ரீசர் வேண்டாம், 4 டிகிரி போதும். ஜெல் பேக் குழாயில் படாமல் நடுவில் துணி வைக்கிறேன்.

குழாயில் பெயர் இருக்காது. நீ அனுப்பிய எண்ணை மட்டும் ஒட்டுகிறேன். அந்த மாதிரி எண் போட்ட குழாய்கள் மட்டும்தான் உன் மேஜைக்கு வர வேண்டும் மலர். லேபில் வேலை செய்கிற யாரும் தன் ரத்தத்தையும் அதே ரேக்கில் வைத்து ஓட்டிப் பார்க்கக் கூடாது. உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

உன் கட்டுரையைப் படித்தேன். இந்த நோயின் ஜீனில் திரும்பத் திரும்ப வரும் சிஏஜி என்ற மூன்றெழுத்து வரிசையின் கடைசிக்கு முன்னால் வரும் அந்த ஒரு சிஏஏ இல்லாதவர்களுக்கு, எண்ணிக்கையை வைத்து எதிர்பார்ப்பதைவிட முன்னதாகவே நோய் தொடங்கிவிடுகிறது என்பதை எவ்வளவு தெளிவாக விளக்கியிருக்கிறாய்! வழக்கமான பரிசோதனை நீளத்தை அளக்கிறதே தவிர எழுத்தைப் படிப்பதில்லை என்று நீ எழுதிய வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட நினைத்தேன். காட்டவில்லை.

அப்படியிருக்க, ஆராய்ச்சி லேபில் வருகிற ஒரு சிஏஜி எண்ணிக்கையை நம்பி ஒருவர் என்ன முடிவு எடுக்க முடியும்? 39 என்றால் நோய் வரலாம், வராமலும் போகலாம். 40 என்றால் வரும். அளவையிலோ ஒரு ரிப்பீட் முன்பின் ஆகும். மெஷின் வரையும் கோட்டில் ஒரே ஒரு பீக் வந்தால், தாயிடமும் தந்தையிடமும் இருந்து வந்த இரண்டு பிரதியும் ஒரே நீளம் என்று ஆறுதல்பட்டுவிட முடியாது. பெரிய வரிசை பிசிஆரில் பெருகாமலே நின்றிருக்கலாம், நீண்ட வரிசையையும் காட்டிக்கொடுக்கும் டிரிப்லெட் பிரைம்டு பிசிஆர் செய்யாமல் தெரியாது. இரவு பதினொரு மணிக்குத் தனியாக உட்கார்ந்து பார்க்கிறவருக்கு இதையெல்லாம் யார் சொல்வார்கள்?

தெரிந்துகொள்ள நினைப்பவருக்கு முறை இருக்கிறது. முதலில் ஆலோசனை, பிறகு நரம்பியல் மருத்துவர், முடிவை நேரில் கேட்கும்போது கூட ஒருவர், எந்தக் கட்டத்திலும் வேண்டாம் என்று எழுந்து வரும் உரிமை. உங்கள் பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. இந்த நோயை ஆராய்ந்த அமெரிக்கர் நான்சி வெக்ஸ்லரைப் பார். தாய்க்கு இருந்த நோய். வெனிசுலாவில் மரக்காய்போ ஏரிக்கரைக் குடும்பங்களிடம் ரத்தம் சேகரித்து, 1983-இல் ஜீன் இருக்கும் இடத்தைக் காட்டும் மார்க்கரும் 1993-இல் அந்த ஜீனும் கிடைக்கக் காரணமாக இருந்தவர். தன் நிலையை 2020 வரை ஊரறியச் சொல்லவில்லை. வேலையை வேலையாகச் செய்தார்.

நீ தீபாவளிக்கு வந்துபோனதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. எப்போது கூப்பிட்டாலும் மெஷின் ஓடுகிறது என்கிறாய். பெற்றவர்களிடம் பேச உனக்குப் பத்து நிமிடம் இல்லையா? அம்மா பீன்ஸ் நறுக்கும்போது நீ அவள் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாய். சுண்டுவிரலும் மோதிரவிரலும் தாமாக ஏதோ வாசிப்பதுபோல் அசைந்து நிற்கும், அவள் கையைப் புடவைக்குள் வைத்துக்கொள்வாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவள் இதுவரை எதுவும் கேட்கவில்லை. தாத்தாவின் 41 அவளுக்கு வராமலே போயிருக்கச் சரிபாதி வாய்ப்பு, வந்திருந்தால் அவள் அப்பா வழியாக வந்தது என்பதால் எண்ணிக்கை கூடியிருக்கவும் வாய்ப்பு உண்டு. உன்னிடம் இருக்கிறது என்று வந்தால் அவளிடமும் இருக்கிறது என்று ஆகிவிடும், அவள் சம்மதம் கேட்காமலே. உன்னிடம் இல்லை என்று வந்தாலோ அவளைப் பற்றி உறுதியாக எதுவும் தெரியாது. அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன், அந்த ரேக்கில் உன் குழாய் வேண்டாம். ஏற்கெனவே வைத்திருந்தால் என்னிடம் மட்டும் சொல். திட்ட மாட்டேன்.

மாமாவின் ரத்தத்தைத் திங்கள் காலை எடுத்தால் அன்றே மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூருக்கு இறக்கிவிடலாம். வெள்ளிக்கிழமை எடுத்தால் ஞாயிறு முழுக்கக் கூரியர் ஆபீசிலேயே கிடக்கும். எந்த வாரம் வேண்டும் என்று போனில் சொல். ஒன்பதரைக்கு மேல் கூப்பிடு, அம்மா தூங்கியிருப்பாள்.

அன்புடன்,
அப்பா