இகுவாசு என்றால் அருவி மட்டுமல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரேசில்–அர்ஜென்டினா எல்லையில் இருக்கும் இகுவாசு அருவியைப் பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். படங்கள் அருமை. ஆனால், காலையில் பிரேசில் பக்கம், மதியம் அர்ஜென்டினா பக்கம் என்று ஒரே நாளில் பார்த்து முடித்துவிடலாம் என்று அதில் எழுதியிருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நானும் அப்படித் திட்டம் போட்டுப் போனவள்தான். பலத்த மழை பிடித்துக்கொண்டதால் ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தது. இன்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது அந்தக் கூடுதல் நாளைப் பற்றித்தான்.

அருவியைக் குறைத்துச் சொல்லவில்லை. சுமார் 275 அருவிகள், ஏறக்குறைய 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு வரிசையாக விழுகின்றன. பிசாசின் தொண்டை என்று அவர்கள் அழைக்கும் இடத்தில் 80 மீட்டர் பள்ளத்துக்குள் ஆறே கவிழ்கிறது. பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. அங்கே சாரலில் நனைந்தபடி நின்றபோது, சிறு கரும்பறவைகள் கூட்டமாகத் தண்ணீர்த் திரைக்குள் பாய்ந்து மறைவதைப் பார்த்தேன். உழவாரன் இனத்தைச் சேர்ந்தவை. அருவிக்குப் பின்னால் உள்ள பாறையில்தான் கூடு கட்டுகின்றன. கட்டுரையில் அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மறுநாள் அர்ஜென்டினா பக்கத்தில் மக்கூக்கோ என்ற காட்டுப் பாதையில் நடந்தேன். போக வர ஏழு கிலோமீட்டர். பெரிய நடைபாலங்களில் இருக்கும் நெரிசல் இங்கே கிடையாது. முடிவில் அரெச்சேயா என்ற சிறிய அருவி வரும். போகிற வழியெல்லாம் ஈரமண் வாசனை, மரங்களில் தொற்றி வளரும் செடிகள், தலைக்கு மேல் கிளைவிட்டுக் கிளை தாவும் குரங்குகள். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால்தான் காடு கண்ணுக்குத் தெரியவே ஆரம்பிக்கிறது. தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து உள்நாடு வரை ஒரு காலத்தில் பரந்து கிடந்த அட்லாண்டிக் மழைக்காட்டின் பெரும்பகுதி வெட்டப்பட்டுவிட்டது. தப்பிப் பிழைத்த முக்கியமான துண்டுகளில் ஒன்று இது. சிறுத்தையைப் போன்ற பெரும்பூனையான ஜாகுவார் இன்னும் இங்கே வாழ்கிறது. அர்ஜென்டினா 1934-லும் பிரேசில் 1939-லும் தேசியப் பூங்காவாக அறிவித்தது அருவியோடு சேர்த்து இந்தக் காட்டையும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டுரையில் ஒருவர் கோவாட்டிக்குத் தின்பண்டம் நீட்டும் படம் வந்திருக்கிறது. நீண்ட மூக்கும் வளையம் போட்ட வாலும் கொண்ட அந்தப் பிராணியைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சத் தோன்றும், சரிதான். ஆனால் தீனி போடக் கூடாது என்று பூங்கா முழுக்கக் கடிபட்ட கையின் படத்தோடு பலகை வைத்திருக்கிறார்கள். என் கண்ணெதிரே ஒரு சிறுவனின் ரொட்டியைப் பிடுங்கியதில் அவன் விரல் கிழிந்து ரத்தம் கொட்டியது. பழக்கிவிட்டது மனிதர்கள், கெட்ட பெயர் அதற்கு. அடுத்த முறை அப்படிப் படம் வந்தால் தயவுசெய்து போடாதீர்கள்.

அப்புறம், ‘இந்த அருவி என்றும் இருக்கும்’ என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். இகுவாசு ஆறு போய்ச் சேரும் பரானா ஆற்றில், அங்கிருந்து வடக்கே, குவைரா என்ற பேரருவி இருந்தது. பிரேசில் அதையும் 1961-இல் தேசியப் பூங்காவாக அறிவித்திருந்தது. அதே ஆற்றில் கட்டிய இத்தைப்பு அணைக்காக 1981-இல் அந்த அறிவிப்பை ரத்து செய்தார்கள். மறு ஆண்டே நீர்த்தேக்கம் நிரம்பி அருவி மூழ்கிப்போனது. நான் தங்கிய விடுதியில் ஒரு முதியவர் அதன் பழைய படத்தைக் காட்டினார். சின்ன வயதில் அப்பாவோடு போய் அங்கே நின்றதாகச் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை.

இகுவாசு காட்டைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள். போக நினைப்பவர்கள் இரண்டு நாளாவது ஒதுக்கிக்கொண்டு போகட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி