சோளப்பயிரில் இரண்டு நஞ்சு: கால்நடைத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

மேய்ச்சல் எச்சரிக்கைகளை எழுதி வெளியிடும் பொறுப்பில் உள்ள கால்நடைத் துறையினருக்கு,

வணக்கம்.

வறட்சி நீண்டு, பிறகு ஒரு மழை விழுந்ததும் வழக்கமாக ஓர் எச்சரிக்கை வெளிவரும்: இளஞ்சோளத்தை மேய விடாதீர்கள், அறுத்துக் காயவைத்துப் போடுங்கள். முதல் பாதியில் குறையில்லை. இரண்டாவது பாதிதான் இடிக்கிறது. சோளப்பயிரில் சேரக்கூடிய நஞ்சுகள் இரண்டு. ஒன்று சயனைடு, மற்றது நைட்ரேட். நன்றாகக் காயவைத்தால் சயனைடு பெரும்பாலும் ஆவியாகிப் போகும். நைட்ரேட் அப்படியே தட்டையில் தங்கிவிடும். சிகிச்சையில் சிக்கல் இன்னும் பெரிது. சயனைடுக்கு முறிவாகப் போடும் சோடியம் நைட்ரைட், நைட்ரேட் நஞ்சில் கிடக்கும் மாட்டுக்குப் போனால் அதுவே எமன். இந்த வேறுபாடு எச்சரிக்கையிலும் வர வேண்டும், மருந்தகங்களுக்குப் போகும் சுற்றறிக்கையிலும் வர வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

சயனைடிலிருந்து தொடங்குவோம். சோள இலையின் மேல்தோலில் துரின் என்ற பொருள் இருக்கிறது. அதைச் சிதைக்கும் நொதி உள்ளடுக்கில் இருக்கிறது. இலை முழுசாக இருக்கும்வரை இரண்டும் சேராது. மாடு மெல்லும்போதும், பயிர் நசுங்கி வாடும்போதும், கடும்பனியில் கருகும்போதும் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு கிளம்புகிறது. அசைபோடும் விலங்கின் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்களும் இந்தச் சிதைவைச் செய்யும் என்பதால் மாடும் ஆடும் குதிரையைவிட எளிதில் மாட்டிக்கொள்கின்றன. துரின் மிகுதியாக இருப்பது இளங்குருத்திலும், அறுத்த கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் மறுதாம்பிலும்தான். அறுத்த கொல்லைதானே, முற்றிய தட்டைதானே என்று மாட்டை அவிழ்த்துவிடுவது இங்குதான் வினையாகிறது. மாடு முற்றிய தட்டையை மோந்துகூடப் பார்க்காது. அடிக்கட்டையிலிருந்து விரல் நீளத்துக்குத் துளிர்த்த குருத்தைத் தேடித் தேடிக் கடிக்கும்.

கணக்கைப் பாருங்கள். உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 2 மி.கி. ஹைட்ரஜன் சயனைடு உயிரைப் பறிக்கும் அளவு. 400 கிலோ மாட்டுக்கு 800 மி.கி. பச்சைத் தீவனத்தில் கிலோவுக்கு 200 மி.கி. இருந்தால் 4 கிலோ போதும். பசித்த மாட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதே 4 கிலோவை நாள் முழுக்கப் பரவலாகத் தின்றால் கல்லீரல் சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் தள்ளிவிடும். ஆக, எவ்வளவு தின்றது என்பதோடு எவ்வளவு வேகமாகத் தின்றது என்பதும் கணக்கு. வெறும் வயிற்றோடு விடாமல், முதலில் வைக்கோலோ உலர்புல்லோ போட்டு வயிற்றை நிரப்பிவிட்டு விடச் சொல்வது இதனால்தான். சூடான் புல் என்ற சோள இனத் தீவனப்புல்லில் 45 முதல் 60 செ.மீ. உயரமும், தீவனச்சோளக் கலப்பினங்களில் 75 செ.மீ. உயரமும் தாண்டும்வரை மேய்ச்சல் வேண்டாம். இந்த உயரம் மறுதாம்புக்கும் பொருந்தும் என்று எச்சரிக்கையில் தனியாக எழுதுங்கள். மரவள்ளித் தழையும் பச்சைத் தோலும் இதே சயனைடு வகைதான். அவற்றையும் ஒரு வரி சேர்க்கலாம்.

நைட்ரேட்டுக்கு இந்த உயரக் கணக்கு உதவாது. ஆள் உயரப் பயிரும் கொல்லும். வறட்சியில் மண்ணிலேயே தங்கிய நைட்ரேட்டை, மழை விழுந்ததும் வேர் ஒரே மூச்சில் இழுக்கிறது. வாடிய இலையோ, மேகமூட்டத்தில் வெயில் காணாத இலையோ அதைப் புரதமாக மாற்ற வலுவில்லாமல் இருக்கிறது. இழுத்தது தண்டில் தேங்குகிறது. யூரியாவை மேலுரமாக அள்ளிப் போட்ட வயலிலும், எரு மிதமிஞ்சிய தொழுவோரத்திலும் தேக்கம் இன்னும் கூடுதல். கம்பு, மக்காச்சோளம், ஓட்ஸ், களையாக முளைக்கும் முள்ளுக்கீரை எல்லாம் இதே பட்டியல்தான். மழைக்குப் பின் ஒரு வாரம் பத்து நாள் பொறுத்தால் அளவு இறங்கத் தொடங்கும். தண்டின் அடிப்பகுதியில் நைட்ரேட் மிக அதிகம், இலையில் குறைவு என்பதால் அறுக்கும்போது தரையிலிருந்து 20 முதல் 30 செ.மீ. கட்டை விட்டு அறுப்பது நல்லது. அந்தக் கட்டையை மேய விட்டால் செய்த வேலை வீண்.

பச்சையாக நறுக்கிய தீவனத்தை இரவு முழுக்கக் குவித்து வைப்பதையும் சொல்லத்தான் வேண்டும். குவியல் உள்ளே சூடேறும்போது நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றிவிடுகின்றன. நைட்ரைட் அதைவிடக் கொடியது. கையை உள்ளே விட்டால் சுடும் குவியலை மாட்டுக்குப் போடக் கூடாது. பசுந்தீவனத்தைக் காற்றுப் புகாத குழியில் புளிக்கவைத்துச் சைலேஜ் போட்டால் இரண்டு நஞ்சும் குறையும். ஆனால் நைட்ரேட்டில் ஒரு பங்குதான் குறையும் என்பதால், குழி திறந்த பிறகும் பரிசோதனை வேண்டும்.

வயலில் செய்யக்கூடிய சோதனைகள் இரண்டு உண்டு. கிளை மருந்தகம் ஒவ்வொன்றிலும் இவை இருக்க வேண்டும்.

சயனைடுக்குப் பிக்ரேட் தாள். 100 மி.லி. தண்ணீரில் 5 கிராம் சோடியம் கார்பனேட்டும் 0.5 கிராம் பிக்ரிக் அமிலமும் கரைத்து, வடிதாள் கீற்றுகளை நனைத்துக்கொள்ள வேண்டும். குருத்திலையைப் பொடியாகக் கத்தரித்துச் சோதனைக்குழாயில் போட்டு, சில சொட்டுத் தண்ணீரும் மூன்று நான்கு சொட்டுக் குளோரோபார்மும் விட்டு, இலையில் படாதபடி கீற்றைத் தொங்கவிட்டுத் தக்கையால் மூடி, குழாயைக் கைக்குள் வைத்துச் சூடாக்க வேண்டும். மஞ்சள் தாள் சில நிமிடத்தில் செங்கல் நிறமானால் அந்த வயலுக்கு மாடு போகக் கூடாது. பிக்ரிக் அமிலம் முற்றும் உலர்ந்தால் வெடிக்கும் தன்மை கொண்டது. அதனால் தூளாகக் கிராமத்துக்கு அனுப்பாமல், கரைசலாகவோ தயாரித்த தாளாகவோ அனுப்புங்கள்.

நைட்ரேட்டுக்கு டைபீனைலமின். 0.5 கிராமை 20 மி.லி. தண்ணீரில் போட்டு, அடர் கந்தக அமிலத்தை மெல்ல மெல்லச் சேர்த்து 100 மி.லி. ஆக்க வேண்டும். இது ஆய்வகத்தில் செய்யும் வேலை. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது. தண்டை நெடுக்காகப் பிளந்து அடிக்கணுவில் ஒரு சொட்டு விட்டால், நைட்ரேட் மிகுந்திருந்தால் உடனே கருநீலம் பாயும். அடுத்த கணு, அதற்கு மேல் கணு என்று ஏறிக்கொண்டே போனால் நீலம் எங்கே நிற்கிறதோ அந்த உயரத்துக்கு மேல் அறுக்கலாம். வயலின் பல மூலைகளிலிருந்து தண்டு எடுக்க வேண்டும். வேலியோரத்தில் பிடுங்கிய ஒரு தண்டை நம்பி முடிவு செய்யக் கூடாது.

ஆய்வக அறிக்கை வந்தால் அலகைப் பார்க்கச் சொல்லுங்கள். உலர்பொருளில் நைட்ரேட் 0.5 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் பொதுவாகப் போடலாம். 0.5 முதல் 1 வரை என்றால் மொத்தத் தீவனத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. 1-ஐத் தாண்டினால் வேண்டாம். ஆனால் சில ஆய்வகங்கள் நைட்ரேட்டை எழுதாமல் நைட்ரேட் நைட்ரஜனை, அதாவது நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும், எழுதும். அந்த எண்ணை 4.4-ஆல் பெருக்கினால்தான் நைட்ரேட் அளவு கிடைக்கும். 0.3 என்று கண்டு நிம்மதியடைந்தவர் கையில் இருப்பது 1.3 ஆக இருக்கலாம்.

மாடு விழுந்த பிறகு பார்க்க வேண்டியது இரத்தத்தின் நிறம். சயனைடில் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் போவதால், சிரை இரத்தமும் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். தின்ற சில நிமிடத்திலிருந்தே மூச்சு வாங்கி, தள்ளாடி, வலிப்பு வந்து, ஒரு மணி நேரத்துக்குள் சாகலாம். நைட்ரேட்டில் சில மணி நேரம் கழித்தே அறிகுறி தெரியும். இரத்தம் சாக்லெட் பழுப்பு, ஈறும் கண் இமையின் உட்புறமும் சாம்பல் படிந்த பழுப்பு. தப்பிய சினைமாடு சில நாளில் கன்று வீசுவதும் உண்டு. செத்து நேரமாகிவிட்டால் இரண்டு நிறமும் மங்கி ஏமாற்றும் என்பதால், உயிரோடு இருக்கும் மாட்டின் கழுத்துச் சிரையில் ஊசி போட்டு வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதே சரி.

பழுப்பென்றால் 1 விழுக்காடு மெத்திலீன் நீலம், கிலோவுக்கு 4 முதல் 15 மி.கி. வரை, சிரை வழியாக மெதுவாக. உணவுக்கான விலங்குகளில் இதற்குத் தடையோ கட்டுப்பாடோ உள்ள இடங்களில் அந்த விதிப்படி. சிவப்பென்றால் சோடியம் நைட்ரைட் கிலோவுக்கு 20 மி.கி., அடுத்துச் சோடியம் தயோசல்பேட் கிலோவுக்கு 500 மி.கி. நிறம் ஐயமாக இருந்தால் நைட்ரைட்டைத் தொடவே வேண்டாம், தயோசல்பேட் மட்டும் போடுங்கள். நைட்ரைட் முறிவாக வேலை செய்வதே இரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒரு பங்கை ஆக்சிஜனைச் சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபினாக மாற்றித்தான். நைட்ரேட் நஞ்சில் அந்த மாற்றம் ஏற்கெனவே அளவு மீறி நடந்துகொண்டிருக்கும். இது எல்லாம் மருத்துவர் கையால் நடக்க வேண்டியது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

400 கிலோ மாட்டுக்கு 200 கிராம் தயோசல்பேட் வேண்டும். 20 விழுக்காட்டுக் கரைசலாக முழுசாக ஒரு லிட்டர். மருந்துப்பெட்டியில் நான்கு சிறு புட்டிகள் வைத்துவிட்டு முறிவு இருப்பில் உள்ளது என்று பதிவேட்டில் எழுதுவதில் பொருளில்லை. பட்டியில் பத்து மாடு விழுந்தால் பத்து லிட்டர். தூளாக எடைபோட்டுப் பொட்டலம் கட்டி, பக்கத்திலேயே காய்ச்சி வடித்த நீர் வைப்பதே நடைமுறைக்கு ஏற்றது. வயிற்றில் மிச்சமிருக்கும் சயனைடுக்கு 30 கிராமை வாய்வழி கொடுப்பதற்கும் அதே தூள் ஆகும்.

செத்த மாட்டைப் பற்றியும் ஒரு விதி எழுதுங்கள். திடீர்ச் சாவு என்றதும் வயிற்றைக் கிழிக்கக் கூடாது. மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத கருத்த இரத்தம் கசிந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயை முதலில் விலக்கியாக வேண்டும். அது இல்லை என்றானபின், சயனைடுக்கு வயிற்றுத் தீனியையும் கல்லீரலையும் தசையையும் சில மணி நேரத்துக்குள் எடுத்து, காற்றுப் புகாத புட்டியில் அடைத்து, உறையவைத்து அனுப்ப வேண்டும். பிளாஸ்டிக் பையில் முடிச்சுப்போட்டு வெயிலில் கொண்டுபோனால் ஆய்வகம் ஒன்றுமில்லை என்றுதான் எழுதும். சயனைடு வழியிலேயே பறந்திருக்கும். நைட்ரேட்டுக்குக் கண்ணின் உள்நீர் சிறந்த மாதிரி. ஊசியால் உறிஞ்சிக் குளிரில் வைத்தால் போதும். அத்தோடு மேய்ந்த வயலின் பயிரையும் வேரடித் தண்டோடு அனுப்பச் சொல்லுங்கள்.

எச்சரிக்கையின் வாசகத்தை இப்படி மாற்றலாம்: "இளஞ்சோளமும் மறுதாம்பும் மேய்ச்சலுக்கு வேண்டாம். காயவைத்தாலும் நைட்ரேட் போகாது, தண்டைச் சோதித்த பிறகே போடுங்கள். மாடு விழுந்தால் மீதி மாடுகளை விரட்டாமல் மெல்ல வயலை விட்டு வெளியேற்றி, இரத்த நிறத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்." விரட்டாமல் என்ற சொல்லை நீக்கிவிடாதீர்கள். ஆக்சிஜன் பற்றாத மாட்டை ஓடவிட்டால் நின்று தப்பியிருக்கக்கூடியதும் விழும். புதிய வாசகமும் தயோசல்பேட் இருப்பும் மழைக்கு முன்பே கிளை மருந்தகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
தீவனப் பயிரிலும் கால்நடை மருத்துவத்திலும் பணிபுரிவோர் சிலர்