எழும்பும்போது விழுவது மனப்பலவீனமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் சுகாதாரப் பக்கத்தில் ஒரு வரி: "எழும்பும்போது தலை சுற்றி விழுவதற்குப் பெரும்பாலும் மனப்பலவீனமே காரணம்." அதை என் அம்மா வாசித்துவிட்டார். பேப்பரை மடித்து வைத்து, "என்ட மனசு சரியில்லையாம் மகள்" என்றார், அவ்வளவுதான்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்து 22 வருடம். போன ஆடியில், கச்சான் காற்று அனலாய் அடித்த ஒரு பகல், பாயில் படுத்திருந்தவர் தேத்தண்ணி வைக்க எழும்பினார், குசினி வாசலைத் தாண்டுமுன் விழுந்தார். நெற்றியில் 5 இழை தையல். அதற்குப் பிறகும் "கனக்க யோசிக்காதீங்க அம்மா" என்றுதான் கிளினிக்கில் அனுப்பினார்கள். வேறொரு டொக்டர்தான் படுக்கவைத்து ஒருதரம், நிற்கவைத்து ஒருதரம் பிரஷர் பார்த்தார். 140 இருந்தது 3 நிமிடத்துக்குள் 105. மேல் பிரஷர் 20 குறைந்தாலே கவனிக்க வேண்டுமாம்.

உங்களுக்குத் தெரியாததல்ல, எழும்பி நின்றதும் அரை லீற்றருக்கு மேல் இரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடும். கழுத்து நாடியில் உள்ள உணர்வாங்கிகள் அதை மூளைக்குச் சொல்ல, பரிவு நரம்புகள், அதாவது உடலை உஷாராக்கும் நரம்புகள், இரத்தக் குழாய்களை இறுக்கி இதயத்தை வேகமாக்கும், எல்லாம் சில விநாடிக்குள். இது தன்னாட்சி நரம்புத் தொகுதியின் வேலை, நம் மனபலத்தைக் கேட்டு நடப்பதில்லை. அம்மாவின் அந்த நரம்புகளைத்தான் சீனி அரித்துவிட்டது. வியர்வையும் அவற்றின் பொறுப்புத்தான். கச்சானில் ஊரே வியர்வையில் நனைந்து கிடக்க அம்மாவின் பாதம் மட்டும் காய்ந்து வெடித்திருக்கிறது. அதுவும் மனப்பலவீனமா?

சுனாமிக்குப் பிறகு, கடல் கொஞ்சம் இரைந்தாலே நெஞ்சு படபடத்து வியர்த்துப்போன எங்கள் கல்லடிச் சனத்தையும் பயந்தாங்கொள்ளிகள் என்றுதான் சொன்னார்கள். அதுவும் இதே பரிவு நரம்பின் வேலைதான். 'நரம்புத் தளர்ச்சி' லேகிய விளம்பரத்தைச் சுகாதாரப் பக்கத்திலேயே போடுகிறீர்களே என்று இரண்டு வருடத்துக்கு முன் எழுதினேன், அந்தக் கடிதத்தை நீங்கள் போடவில்லை. சரி, அது போகட்டும்.

இப்போது கேட்பது சிறிய விஷயம். சீனி வருத்தக்காரருக்கு எழும்பும்போது தலை சுற்றினால், படுத்தும் நின்றும் பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேட்கட்டும். கட்டிலில் கொஞ்சம் இருந்துவிட்டு மெல்ல எழும்பட்டும். குளிசையைத் தாங்களாக நிறுத்த வேண்டாம். இதை நாலு வரியில் போடுங்கள். அதே பக்கத்தில் போடுங்கள், அம்மா அதைத்தான் முதலில் விரிப்பார்.

இப்படிக்கு,
ஒரு மகள், கல்லடி, மட்டக்களப்பு