தம்பிக்கு, நல்லூரிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் சுகம். மே 29, ஐ.நா. அமைதி காப்போர் நாளன்று நீ அனுப்பிய படம் கிடைத்தது. அதற்குப் பிறகு உன்னுடைய கோல் ஒன்றும் வரவில்லை. வேலை கூட என்றுதான் நினைக்கிறேன். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மலர்வளையத்துக்குப் பக்கத்தில் நீலத் தொப்பிக்காரர் வரிசையாக நிற்க, நீ கரையில் நிற்கிறாய். கழுத்தெலும்பு தெரிகிறது. முகமும் சரியில்லை. அங்கே யாருக்கும் ஏதும் நடந்ததா என்று நான் கேட்கவில்லை. சொல்ல வேண்டியதை நீ சொல்வாய்.

1948 இலிருந்து 4,000 பேருக்கு மேல் ஐ.நா. அமைதி காக்கும் பணியில் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள் என்று நீதான் சொன்னாய். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அகோபோவைப் பற்றிச் சொன்னது நல்லது. 2013 மார்கழியில் தென் சூடானில் சண்டை வெடிக்க, சனம் ஐ.நா. முகாம்களுக்கு ஓடியது, கதவைத் திறந்து உள்ளே எடுத்தார்கள். அகோபோவில் ஆயுதக் கூட்டம் அந்தச் சனத்தைத் தேடிப் புகுந்தபோது, காவலுக்கு நின்ற இரண்டு இந்தியச் சிப்பாய்கள் உயிரைக் கொடுத்தார்கள்.

87 ஐப்பசியில், இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்துக்குள் சண்டையோடு வந்தபோது, கந்தசுவாமி கோயில் உள்வீதியில், கால் நீட்ட இடமில்லாமல், உன் அக்காவை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவள் நான். உள்ளே இருக்கிறவளுக்கு வாசலில் யார் நிற்கிறான் என்பதுதான் எல்லாம். இந்தியச் சிப்பாய் என்றால் இந்த வீட்டில் என்ன நினைப்பு வரும் என்று உனக்குத் தெரியும். கிணற்றடிக் கதையைத் திரும்ப எழுதவில்லை. அது வேறு, இது வேறு. யாரோ பெற்ற பிள்ளைகள், யாரோ பெற்ற பிள்ளைகளுக்காக அந்நிய மண்ணில் விழுந்திருக்கிறார்கள். நீ சொன்ன அன்று பின்னேரம் அவர்கள் இரண்டு பேருக்கும் சாமியறையில் விளக்கு வைத்தேன். அப்பா ஒன்றும் கதைக்கவில்லை. நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்துத் தந்தார்.

வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லமாட்டேன். அகதி முகாமுக்குத் தண்ணீர் கொடுக்கிற பிள்ளை என்று சங்கக்கடையில் கூடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இரண்டு வரி அனுப்ப முடியாத அளவுக்கா வேலை? பெரியம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறா. நான் என்ன சொல்ல?

ஒப்பந்தம் ஆடியோடு முடிகிறதா, நீட்டுகிறாயா என்று அப்பா கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை, அவர்தான்.

மிளகாய்த்தூளும் வேப்பம்பூ வடகமும் கட்டி வைத்திருக்கிறேன், விலாசம் அதேதானா என்று எழுது. நேரத்துக்குச் சாப்பிடு. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கோல் எடு, அப்பாவும் வீட்டில் நிற்பார்.

அன்புடன்,
அம்மா