தனியாகத்தான் வருவேன்

சுயதொழில் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எனக்கு வயது 61. சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். அவர்கள் கடன் கேட்டு உங்களிடம் வரும்போது கொண்டுவரும் வரவு செலவு அறிக்கை பல நேரம் நான் தயாரித்ததுதான். அதை நம்பிக் கடனும் கொடுக்கிறீர்கள்.

போன மாதம் எனக்காக விண்ணப்பித்தேன். ஒரு கணினி வாங்க வேண்டும், உதவிக்கு ஓர் ஆள் வைக்க வேண்டும், அவ்வளவுதான். உங்களில் ஒருவர் என் கணக்கு ஏட்டைப் பிரிக்கவே இல்லை. பிறந்த தேதியைப் பார்த்தார். "பையன் என்ன பண்றார்? அவரைக் கூட்டிக்கிட்டு வாங்கம்மா" என்றார். என்னைவிட இரண்டு வயது மூத்த ஓர் ஆணுக்கு நானே விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். அவரை அனுபவசாலி என்றார்கள். யாரையும் கூட்டிவரச் சொல்லவில்லை.

ஐம்பதைத் தாண்டிய பெண் வேலை கேட்டுப் போட்ட கடிதத்துக்குப் பெரும்பாலும் பதில் வராது. அதனால்தான் எங்களில் பலர் சொந்தத் தொழிலுக்கு வந்தோம். பிள்ளைகளுக்காகவும் வயதான பெற்றோருக்காகவும் வேலையை விட்டிருந்த வருஷங்கள் ஓய்வூதியத்தைக் குறைத்துவிட்டன. வீடு இருந்தாலும் பலருக்கு அது கணவர் பெயரில். ஈடு கேட்டால் எதைக் காட்டுவது? காய்ச்சலில் படுத்தால் அன்றைக்கு வருமானம் இல்லை. அப்புறம், வாடிக்கையாளர் போய்விடுவாரோ என்ற பயத்தில் கூலியையும் குறைத்தே கேட்கிறோம். நானும் பல வருஷம் அப்படித்தான் கேட்டேன்.

பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கை, வங்கிக் கடனில் ஆணுக்குள்ள உரிமை பெண்ணுக்கும் உண்டு என்று 1979-லேயே 13-ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. அதைக் கண்காணிக்கும் குழு 2010-இல் முதிய பெண்களுக்கென்றே ஒரு பரிந்துரை வெளியிட்டது. ஈடு கேட்காத சிறுகடன் கொடுத்து அவர்கள் தொழிலுக்குத் துணை நிற்க வேண்டும் என்று அதில் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பாருங்கள், பிறகு வயதைப் பாருங்கள். நீண்ட காலக் கடனுக்கு என் வயது தடை என்றால், சரி, மூன்று வருஷத்தில் அடைக்கும்படி சின்னக் கடனாகக் கொடுங்கள். மறுப்பதென்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். மகன் கையெழுத்தை மட்டும் கேட்காதீர்கள். இது அவன் தொழில் இல்லை.

அதே விண்ணப்பத்தை அடுத்த வாரம் திரும்பக் கொண்டுவருகிறேன். மூன்று வருஷக் கணக்கு ஏடுகளும் கையில் இருக்கும். தனியாகத்தான் வருவேன்.

இப்படிக்கு,
கணக்கு எழுதிப் பிழைக்கும் ஒரு பெண்