தீ அணைந்தால் போதாது, குமரா

அன்புள்ள குமரா,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? அடுத்த முறை மறக்காமல் எழுது.

லித்தியம் அயனி பேட்டரியின் மின்பகுளியில் (மின்முனைகளுக்கு இடையே அயனிகளைக் கடத்தும் உப்புக் கரைசல்) டிரைஎத்தில் பாஸ்பேட்டைக் கரைப்பானாக வைத்ததும் தீப் பிடிக்கவில்லை, ஆனால் கிராஃபைட்டை ஆனோடாக (எதிர்மின்முனையாக) வைத்த செல் பத்து மின்னேற்றச் சுற்றுகூடத் தாங்கவில்லை என்கிறாய். கோளாறு உப்பின் அளவில்தான். 1 மோலாரில் (லிட்டருக்கு ஒரு மோல் உப்பு) லித்தியம் அயனியைச் சுற்றிப் பாஸ்பேட் மூலக்கூறுகளே சூழ்ந்து நிற்கும். அயனியோடு அவையும் கிராஃபைட்டுக்குள் நுழைந்து அடுக்கடுக்காக உரித்துவிடும். உப்பைக் கூட்டினால் சும்மா திரியும் கரைப்பான் குறையும், உப்பின் எதிர்மின் அயனி லித்தியத்தோடு ஒட்டிக்கொள்ளும், அதுவே முதலில் சிதைந்து கிராஃபைட்டின் மேல் லித்தியம் ஃப்ளூரைடு நிறைந்த காப்புப் படலத்தை இடும். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் யமாதா குழுவினர் 2018இல் காட்டியது இதைத்தான்: டிரைமெத்தில் பாஸ்பேட்டில் 5.3 மோலார் லிஎஃப்எஸ்ஐ (LiFSI, ஃப்ளூரின் கொண்ட லித்தியம் உப்பு), ஆயிரம் சுற்றுகளுக்கு மேல்.

அந்தக் கரைசல் பாகு போல இருக்கும், பாலிஎத்திலீன் செபரேட்டர் (இரு மின்முனைகளும் தொடாமல் பிரிக்கும் மெல்லிய தாள்) லேசில் நனையாது. அதனால் உப்பைக் கரைக்காத ஃப்ளூரோ ஈதர் ஒன்றால், டிடிஇ (TTE) போதும், நீர்க்கச் செய். தொடங்க இந்த அளவு: லிஎஃப்எஸ்ஐ 1.87 கிராம், டிரைஎத்தில் பாஸ்பேட் 2.42 கிராம், டிடிஇ 4.64 கிராம். வரிசையை மாற்றாதே. ஆர்கான் வாயு நிரப்பிய, காற்றுப் புகாத பெட்டிக்குள் முதலில் பாஸ்பேட்டில் உப்பைச் சிறிது சிறிதாகப் போட்டு, சூட்டை ஆறவிட்டு, தெளிந்த பிறகே ஈதரை ஊற்று. ஈதர் மிஞ்சினால் இரண்டு அடுக்காகப் பிரியும். பிரிகிறதா என்று ஓர் இரவு 0 டிகிரியில் வைத்துப் பார். ஈரம் 20 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 20 பங்குக்குக் கீழே இருக்கட்டும். எஃப்இசி (FEC, ஃப்ளூரோஎத்திலீன் கார்பனேட்) 2 முதல் 5 சதவீதம் சேர்த்தால் படலம் உறுதிப்படும். லிஎஃப்எஸ்ஐ உப்பு காயின் செல்லின் (நாணய வடிவச் சோதனை செல்) எஃகு மூடியை அரிக்கும் என்பதால் கேத்தோடு (நேர்மின்முனை) பக்கம் அலுமினியம் பூசிய மூடி வாங்கு. இதைக் கவனிக்காமல் மின்பகுளியைக் குறை சொல்பவர்கள் நிறைய.

இனி நான் கவலைப்படுவது. கண்ணாடி இழைத் துண்டை மின்பகுளியில் நனைத்துக் கொளுத்தி, மின்பகுளி கிராமுக்கு 6 வினாடிக்குள் அணைந்தால் 'எரியாதது' என்று எழுதிவிடுகிறோம். வழக்கமான கரைப்பானான டைமெத்தில் கார்பனேட்டின் ஆவி 17 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடியது, மார்கழி விடியலில்கூட நம் ஊர் அவ்வளவு குளிர்வதில்லை. அதோடு ஒப்பிட்டால் முன்னேற்றம்தான். ஆனால் செல் வெடிப்பது தீக்குச்சியால் அல்லவே. ஆனோடின் மேல் உள்ள படலம் 80–120 டிகிரியில் சிதையத் தொடங்கும், 135 அளவில் பாலிஎத்திலீன் உருகும், பிறகு நிக்கல் மிகுந்த கேத்தோடு ஆக்சிஜனை விடும். மின்னேறிய கிராஃபைட்டோடு லிஎஃப்எஸ்ஐ வினைபுரிந்து கடும் வெப்பத்தை உமிழும். செறிந்த லிஎஃப்எஸ்ஐ கரைசல் வைத்த செல்லும் கட்டுக்கடங்காமல் சூடேறியதையும், அதற்கு இந்த வினையே காரணம் என்பதையும் பெய்ஜிங் சிங்ஹுவா பல்கலைக்கழகக் குழு 2020இல் காட்டியது.

ஆகவே தீச்சோதனையோடு நிறுத்தாதே. முழுக்க மின்னேற்றிய கிராஃபைட்டைப் பெட்டிக்குள்ளேயே சுரண்டி எடுத்து, உன் செல்லில் உள்ள விகிதத்திலேயே மின்பகுளி விட்டு, உயரழுத்தம் தாங்கும் மூடிய கிண்ணத்தில் டிஎஸ்சி (DSC, சூடேற்றும்போது மாதிரி உமிழும் வெப்பத்தை அளக்கும் சோதனை) ஓட்டு. சாதாரணக் கிண்ணத்தில் கரைப்பான் ஆவியாகி, உமிழ்ந்த வெப்பத்தை மறைத்துவிடும். கேத்தோடுக்கும் தனியாக ஒரு முறை. பழைய கார்பனேட் கலவையையும் அதே நாளில் ஓட்டு, ஒப்பிட வேண்டும்.

வளைவுகள் வந்ததும் எண்களோடு அனுப்பு, முதல் உச்சம் எந்த டிகிரியில் தொடங்குகிறது என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
செல்வம்